மடல்வழி ஆட்டத்தில் நடுவர் நிரல்: டிப்ளமசி ஆட்டமும் ‘ஜட்ஜ்’ மென்பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

பலகை ஆட்டங்களை மின்னஞ்சல் வழியே நடத்தி, அவற்றின் முடிவுகளைத் தானே கணித்து அறிவிக்கும் நடுவர் மென்பொருள்கள் 1980களின் இறுதியில் பல்கலைக்கழகக் கணினிகளில் தோன்றின. அவற்றுள் கென் லோ எழுதிய ‘ஜட்ஜ்’ என்னும் நிரல் முதன்மையானது. டிப்ளமசி என்னும் ஆட்டத்தின் அஞ்சல்வழி மரபில் மனித நடுவர் வகித்த இடத்தையும், அவ்விடம் நிரலுக்கு மாறியபோது நேர்ந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தீர்ப்புரைக்கும் பணி மனிதரிடமிருந்து முழுமையாக நீங்கவில்லை என்பதும், அது வேறு மூவரிடையே பங்கிடப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: டிப்ளமசி, அஞ்சல்வழி ஆட்டம், நடுவர் நிரல், மின்னஞ்சல், கணினி வரலாறு, விதி விளக்கம்

முன்னுரை

அஞ்சல்வழிச் சதுரங்கத்திற்கு நடுவர் இன்றியமையாதவர் அல்லர். லண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் 1824 முதல் 1828 வரை மடல் வழியே ஆடின. அவ்வாட்டத்தில் ஒரு தரப்பு எழுதி அனுப்பிய நகர்வு மறுதரப்பைச் சென்றடைந்ததும் அது ஆட்டத்தின் பகுதியாகிவிடும். பலகையின் நிலை இருவருக்கும் எப்போதும் வெளிப்படை. ஒருவர் ஆடி முடித்த பின்னரே அடுத்தவர் ஆடுகிறார். ஆகவே நகர்வின் விளைவைக் கணித்துச் சொல்ல மூன்றாமவர் ஒருவர் வேண்டியதில்லை.

எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒருவர் ஆணையை மற்றவர் அறியாமல் ஆட வேண்டிய ஆட்டங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு ஆணைகளைப் பெற்று மறைவாக வைத்திருக்கவும், குறித்த பொழுதில் அவற்றை ஒருசேரத் திறக்கவும், அவை ஒன்றோடொன்று மோதும்போது விளைவைக் கணிக்கவும் அனைவராலும் நம்பப்படும் ஒருவர் தேவை. ஆட்டக்காரர்கள் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் ஆணைச் சீட்டுகளை அனைவர் முன்னும் படித்துத் தீர்த்துக்கொள்ளலாம். அவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது நடுவர் ஆட்டத்தின் அச்சாணி ஆகிறார். மின்னஞ்சல் நடுவர் மென்பொருள் சதுரங்கத்தைச் சுற்றி வளராமல் டிப்ளமசியைச் சுற்றி வளர்ந்ததற்கு இந்த வேறுபாடே அடிப்படைக் காரணம் எனலாம்.

டிப்ளமசி ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்காவின் ஆலன் கல்ஹாமர் இவ்வாட்டத்தை 1954இல் உருவாக்கினார். ஹார்வர்டில் பயின்றபோது சிட்னி ஃபே எழுதிய, முதல் உலகப்போரின் தோற்றுவாய்களை ஆராயும் நூலைப் படித்ததன் தாக்கம் இதில் உண்டு. 1959இல் தம் சொந்தச் செலவில் 500 பெட்டிகளை அவர் வெளியிட்டார். பின்னர் வணிக நிறுவனங்கள் இதை ஏற்று விற்றன.

ஆட்டம் 1901ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தொடங்குகிறது. ஆஸ்திரியா, இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ருசியா, துருக்கி என ஏழு வல்லரசுகள். ஐரோப்பிய வரைபடம் 75 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் 34 வழங்கல் மையங்கள். 18 மையங்களைக் கைப்பற்றியவர் வெல்கிறார். பகடை இல்லை. எல்லாப் படைகளின் வலிமையும் சமம். ஆகவே ஒரு படை தன்னந்தனியாக இன்னொரு படையை வெளியேற்ற இயலாது; பிறிதொரு படையின் ஆதரவு வேண்டும். அந்த ஆதரவு பெரும்பாலும் அயல்நாட்டுப் படையிடமிருந்தே கிடைக்கும். பேச்சுவார்த்தையே ஆட்டத்தின் உயிர் என்பதற்கும், வாக்குறுதி மீறல் அதன் இயல்பான நிகழ்வு என்பதற்கும் இந்த எளிய கணக்கே காரணம்.

ஒரு படைக்கு இடக்கூடிய ஆணைகள் நான்கே: இருந்த இடத்தில் நிற்றல், நகர்தல், பிறிதொரு படைக்கு ஆதரவளித்தல், கப்பற்படை தரைப்படையைக் கடல் கடந்து ஏற்றிச் செல்லுதல். நிற்றலும் நகர்தலும் சிக்கல் தருவன அல்ல. ஆதரவை முறிக்கலாம் என்னும் விதியும் ஏற்றிச் செல்லுதலும் சேரும்போது எழும் சிக்கல் பின்னர் விளக்கப்படுகிறது.

அஞ்சல் காலத்து நடுவர்

புரூக்ளின் கல்லூரியின் இயற்பியலாளர் ஜான் போர்ட்மன் 1963இல் ‘கிராஸ்டார்க்’ என்னும் சிற்றிதழின் வழியே அஞ்சல்வழி டிப்ளமசியைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் ஆணைகளை நடுவருக்கு மடலில் அனுப்புவர். குறித்த நாளில் நடுவர் அவற்றைத் தீர்த்து, முடிவுகளைத் தம் இதழில் அச்சிட்டு அனைவருக்கும் அனுப்புவார். ஒவ்வொரு ஆட்டத்திற்கும் ஆண்டும் எழுத்தும் சேர்ந்த எண் வழங்கப்பட்டது. முதல் ஆட்டம் 1963ஏ. இவ்வெண்கள் இன்றளவும் போர்ட்மன் எண்கள் என்றே அறியப்படுகின்றன.

இம்முறையில் நடுவர் ஒரே நேரத்தில் பதிப்பாசிரியர், அச்சிடுபவர், கணக்கர், நீதிபதி ஆகிய நான்கு பொறுப்புகளையும் ஏற்றிருந்தார். இதழில் ஆட்ட முடிவுகளோடு ஆட்டக்காரர்கள் எழுதிய கற்பனைச் செய்தியறிக்கைகளும் வெளிவந்தன. தலைநகரங்களிலிருந்து வருவன போல எழுதப்பட்ட அவ்வறிக்கைகளில் நகைச்சுவையும் பொய்ப் பரப்புரையும் கலந்திருந்தன. ஆட்டத்தின் சமூக வாழ்வு அங்கேதான் இருந்தது என்று கூறுவது மிகையாகாது.

காலக்கணக்கு இம்முறையின் பெருஞ்சுமை. ஓர் ஆட்ட ஆண்டில் வசந்த நகர்வு, பின்வாங்கல், இலையுதிர் நகர்வு, பின்வாங்கல், படைக் கூட்டல் குறைத்தல் என ஐந்து கட்டங்கள் உண்டு. நகர்வுக் கட்டங்கள் இரண்டுக்கு மட்டும் தனித்தனிக் காலக்கெடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம் கொடுத்தாலும், பத்து ஆட்ட ஆண்டுகள் முடிய 80 வாரங்கள் ஆகும். பிற கட்டங்களையும் தனித்தனியே நடத்தினால் ஆட்டம் முடிவதற்குள் ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிப் படிப்பே முடிந்துவிடக்கூடும். ஆகவே ‘இது நேர்ந்தால் இவ்வாறு பின்வாங்குக’ எனும் நிபந்தனை ஆணைகளைச் சேர்த்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

நடுவரின் நீதித்துறைப் பணி பெரிதும் ஆணையின் வாசகத்தைச் சார்ந்தது. ஓர் ஆட்டக்காரர் படை இல்லாத இடத்திலிருந்து படையை நகர்த்த எழுதியிருப்பார். பகுதியின் பெயரைப் பிறிதொரு பகுதியோடு மயங்கும்படி சுருக்கியிருப்பார். கையெழுத்தில் நார்வே என்பதும் நார்வீஜியக் கடல் என்பதும் ஒரே மாதிரி தோன்றலாம். இத்தகைய ஆணையை நடுவர் காலக்கெடு முடிந்த பின்னரே பிரித்துப் படிக்கிறார். எழுதியவரைக் கேட்டறிய வழியில்லை. கேட்டால் அது ஒருவருக்கு மட்டும் அளித்த சலுகையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நடுவரும் தம் ‘வீட்டு விதிகளை’ முன்கூட்டியே அச்சிட்டு வழங்கினர். பொருள் ஐயமற்றதாயின் பிழையை மன்னித்தல், வாசகம் பிழையெனில் ஆணையைத் தள்ளுதல் என இருவேறு போக்குகள் நிலவின. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எனினும் ஒரே ஆணை ஒரு நடுவரிடம் செல்லுபடியாகி, வேறொருவரிடம் செல்லாமற்போகும் நிலையை அவ்விரு போக்குகளும் தவிர்க்கவில்லை.

நிரல் நடுவரின் தோற்றம்

1980களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மின்னஞ்சல் பரவியபோது இவ்வாட்டமும் அங்குக் குடியேறியது. தொடக்கத்தில் நடுவர் மனிதராகவே இருந்தார். தாளுக்கு மாற்றாகத் திரை வந்தது, அவ்வளவே. வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணினியில் கென் லோ இயக்கிய ‘ஜட்ஜ்’ நிரலே தீர்ப்புரைக்கும் பணியையும் கணினிக்கு மாற்றியது. சி மொழியில் எழுதப்பட்ட அது யூனிக்ஸ் இயங்குதளத்திற்குரியது. மூலநிரல் பகிரப்பட்டதால் பிற நிறுவனங்களிலும் நாடுகளிலும் அது நிறுவப்பட்டது. ஒவ்வொரு நிறுவலுக்கும் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்தும் இடத்தைக் குறிக்கும் இரண்டெழுத்தும் சேர்ந்த நான்கெழுத்துக் குறி வழங்கிற்று. வாஷிங்டனில் இருந்த முதல் நடுவர் ‘யூஎஸ்டபிள்யூஏ’ என அறியப்பட்டது.

இந்நிரலை நிறுவுதல் என்பது ஒரு விளையாட்டுச் செயலியை நிறுவுவது போன்றதன்று. அது கணினியின் அஞ்சல் அமைப்போடும் கடிகாரத்தோடும் இணைக்கப்பட வேண்டியிருந்தது. பொதுவாக ஒரு முகவரிக்கு வரும் அஞ்சல் ஒரு பெட்டியில் சேமிக்கப்பட்டு, உரியவர் படிக்கும்வரை காத்திருக்கும். நடுவரின் முகவரிக்கு வரும் அஞ்சலோ சேமிக்கப்படாமல் நேரே ஒரு நிரலுக்கு உள்ளீடாகச் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு மடலுக்கும் நிரல் விழித்தெழுகிறது. அனுப்பியவர் யார் என்று தலைப்பகுதியில் பார்க்கிறது. உடலில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகக் கட்டளைகளாகப் படிக்கிறது. ஆட்டக் கோப்பைத் திருத்துகிறது. பதில் அனுப்பிவிட்டு முடிந்துவிடுகிறது. மடல் வராத நேரத்தில் நடுவர் என ஒன்று இயங்கிக்கொண்டிருப்பதே இல்லை. அதன் நினைவு முழுவதும் கோப்புகளில் உள்ளது.

காலக்கெடு நிறைவுறும் பொழுதில் மடல் எதுவும் வராமற்போகலாம். அப்போது நிரலை எழுப்ப, குறித்த நேரத்தில் ஒரு பணியை இயக்கும் யூனிக்ஸ் வசதி பயன்பட்டது. இரண்டு மடல்கள் ஒரே நொடியில் வந்தால் இரண்டு நிரற்படிகள் ஒரே கோப்பைத் திருத்த முற்படும்; ஒன்று மற்றொன்றின் பதிவை அழித்துவிடும். ஆகவே கோப்பைப் பூட்டும் ஏற்பாடு வேண்டும். அஞ்சல் அமைப்பு ஒரு பயனரின் உரிமையோடு நிரலை இயக்கும். கோப்புகளோ இன்னொரு பயனருக்கு உரியனவாக இருக்கும். இவ்வுரிமைகளைச் சீர்செய்யாமல் நிறுவினால் மடல் வரும், நிரல் எழும், ஆயினும் ஆணை எழுதப்படாது.

இவற்றினும் விரும்பத்தகாதது மடற்சுழல். ஆட்டக்காரர் ஒருவரின் முகவரி செயலிழந்தால் நடுவர் அனுப்பிய முடிவு திரும்பி வரும். திரும்பி வந்த அறிவிப்பை நடுவர் கட்டளையாகப் படித்து, புரியவில்லை என்று பதில் அனுப்பினால், அப்பதிலும் திரும்பி வரும். மனிதர் எவரும் தலையிடாமல் இரண்டு தானியங்கிகள் இரவு முழுவதும் ஒன்றற்கொன்று மறுமொழி கூறிக்கொண்டிருக்கலாம். ஒரு பல்கலைக்கழகக் கணினியில் ஓய்வுநேர ஆட்டத்திற்காக இயங்கும் நிரல் அஞ்சல் வழியை அடைத்துவிட்டால் அதன் ஆயுள் அன்றோடு முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கி அறிவிப்புகளை இனங்கண்டு ஒதுக்குதல், ஆட்டவிதி அறிவைவிட நிறுவுநருக்கு முதன்மையான பாடமாக இருந்தது.

ஆட்டக்காரரை அடையாளம் காணும் முறையும் எளியது. தம் வல்லரசைக் குறிக்கும் ஓரெழுத்து, ஆட்டத்தின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைச் ‘சைன்ஆன்’ என்னும் கட்டளையோடு ஒரே வரியில் எழுதித் தொடங்க வேண்டும். கடவுச்சொல் மறைகுறியாக்கம் ஏதுமின்றி ஒவ்வொரு மடலிலும் பயணம் செய்தது. இன்றைய பாதுகாப்பு நோக்கில் இது பொறுக்க இயலாத குறை. ஆயினும் அனுப்புநர் முகவரியை எவரும் போலியாக எழுதிவிடக்கூடிய அக்கால அஞ்சல் முறையில் இக்கடவுச்சொல் ஒன்றே ஆட்டக்காரருக்குக் காப்பாக இருந்தது.

வாசகப் பொருள்கோளின் இடமாற்றம்

நிரல் நடுவரால் விரைவு கூடியது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் பயன். அது உண்மையே, பின்வாங்கலும் படைக் கூட்டலும் தனித்தனிக் கட்டங்களாக நடத்தப்பட இயன்றது, நிபந்தனை ஆணைகளின் தேவையும் குறைந்தது. முடிவு மடலின் தலைப்பில் பருவம், ஆண்டு, கட்டம் மூன்றும் ஒரே குறியீட்டில் அடங்கின. ஆனால் வரலாற்று நோக்கில் விரைவைவிட ஆழமானது வேறொரு மாற்றம்.

‘ஜட்ஜ்’ நிரல் ஓர் ஆணை மடலைப் பெற்றவுடன் தான் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதி அனுப்பியது. படை இல்லாத இடம், அறியப்படாத பெயர், இயலாத நகர்வு எனில் பிழையைச் சுட்டியது. காலக்கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமாயினும் ஆணையை மாற்றலாம். இறுதியாக அனுப்பியதே நிற்கும். மனித நடுவர் காலக்கெடுவுக்குப் பின் தனித்திருந்து செய்த வாசகப் பொருள்கோள், இங்குக் காலக்கெடுவுக்கு முன் ஆட்டக்காரரும் நிரலும் சேர்ந்து செய்வதாயிற்று. ‘நான் கருதியது இது’ என்று முறையிடும் வாய்ப்பு இல்லாமற்போனது. நிரல் மனிதரைவிடக் கண்டிப்பானது. எனினும் அதன் கண்டிப்பு தண்டனையாக வராமல் முன்னெச்சரிக்கையாக வந்தது. வீட்டு விதிகளின் பெரும்பகுதி இவ்வாறு தேவையற்றதாயிற்று.

ஆட்டவிதிக்கு இசைந்த, ஆனால் கருத்துக்கு மாறான ஆணைகளை நிரல் தடுக்கவில்லை. நண்பரின் படை கிழக்கே செல்லும்போது மேற்கே செல்வதற்கு ஆதரவு எழுதினால் நிரல் அதை ஏற்கும். அது பிழையா, வஞ்சகமா என்பது நிரலுக்குரிய வினா அன்று.

விதி நூலின் இடைவெளி

மனித நடுவர் கண்ணுக்குப் புலப்படாமல் கடந்துசென்ற ஒரு சிக்கலை நிரல் கடக்க இயலவில்லை. ஆதரவளிக்கும் படை தாக்கப்பட்டால் அதன் ஆதரவு முறியும். ஏற்றிச் செல்லும் கப்பற்படை தன் இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டால் தரைப்படையின் பயணம் முறியும். இவ்விரு விதிகளும் தனித்தனியே தெளிவானவை. இணையும்போது முரண் தோன்றுகிறது.

பிரான்சின் தரைப்படை பிரெஸ்டிலிருந்து ஆங்கிலக் கால்வாயில் உள்ள பிரெஞ்சுக் கப்பற்படை வழியே லண்டனுக்குச் செல்கிறது என்க. லண்டனில் உள்ள ஆங்கிலக் கப்பற்படை, வேல்சிலிருந்து கால்வாயைத் தாக்கும் மற்றோர் ஆங்கிலக் கப்பற்படைக்கு ஆதரவளிக்கிறது. பயணம் வென்றால் லண்டன் தாக்கப்படுகிறது, ஆதரவு முறிகிறது, வேல்சின் தாக்குதல் தோற்கிறது, பயணம் நிலைக்கிறது. பயணம் தோற்றால் ஆதரவு நிலைக்கிறது, கால்வாய்க் கப்பல் வெளியேற்றப்படுகிறது, பயணம் தோற்கிறது. இரண்டு விடைகளும் தம்மளவில் பொருந்துகின்றன. எதைத் தேர்வது என்பதை அவ்விரு விதிகளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

இதனோடு ஜெர்மனியைச் சேர்த்தால் நிலை இன்னும் மோசமாகிறது. பெல்ஜியத்தில் உள்ள ஜெர்மானியக் கப்பற்படையும் வடகடல் கப்பற்படையின் ஆதரவோடு அதே கால்வாயைத் தாக்குகிறது என்க. பிரெஞ்சுப் பயணம் வென்றதெனக் கொண்டால் லண்டனின் ஆதரவு முறிகிறது. வேல்சுக்கு வலிமை ஒன்று, பெல்ஜியத்துக்கு இரண்டு. பெல்ஜியம் வெல்ல, கால்வாய்க் கப்பல் வெளியேற்றப்பட, பயணம் தோற்கிறது. பயணம் தோற்றதெனக் கொண்டால் லண்டனின் ஆதரவு நிலைக்கிறது. வேல்சும் பெல்ஜியமும் இரண்டுக்கிரண்டு சமமாகி ஒன்றையொன்று தடுக்கின்றன. கால்வாய்க் கப்பல் தப்புகிறது, பயணம் வெல்கிறது. முன்னதில் இரண்டு விடைகள். பின்னதில் ஒரு விடையும் இல்லை. ஆட்டக்காரர்கள் இதனைப் பாண்டின் முரண் என்று வழங்குவர்.

தான் ஏறிவரும் கப்பலைத் தாக்குவதற்கு அளிக்கப்படும் ஆதரவை அத்தரைப்படை முறிக்க இயலாது என்னும் விதியைச் சேர்த்தால் இவ்விரண்டும் தீரும். ஆனால் இரண்டு பயணங்கள் ஒன்றையொன்று சார்ந்து பின்னும்போது அது போதாது. 1990களின் இறுதியில் சைமன் சிக்மன் ஒரு பொதுத்தீர்வை முன்வைத்தார்: முரணில் சிக்கிய பயணங்கள் எல்லாம் தோற்றதாகவும், அவை தாக்கச் சென்ற இடத்தில் எவ்விளைவையும் ஏற்படுத்தாததாகவும் கொள்ள வேண்டும். பின்னர் லூகாஸ் க்ராய்ஸ்வைக் தொகுத்த ‘டிப்ளமசி நடுவர் சோதனை நேர்வுகள்’ என்னும் ஆவணம், நூற்றுக்கும் மேற்பட்ட ஆணைத் தொகுதிகளை நிரலாளர்களுக்கு உரைகல்லாக அமைத்தது. அது ஒவ்வோர் ஐயத்திலும் வழக்கிலுள்ள வெவ்வேறு தீர்வுகளை எடுத்துரைத்து, ஒன்றைப் பரிந்துரைக்கிறது. நூற்பாவும் உரையும் போல விதி நூலும் இவ்வாவணமும் சேர்த்துப் படிக்கப்படுகின்றன.

இச்சிக்கல் மனித நடுவர்களின் காலத்தில் அறியப்படாதது அன்று. அஞ்சல் இதழ்களிலேயே விவாதிக்கப்பட்டது. ஆயினும் நடைமுறையில் அது அரிதாகவே நேர்ந்ததால் நேர்ந்தபோது நடுவர் ஒரு முடிவைச் சொல்லிக் கடந்துவிடலாம். நிரலாளருக்கு அந்த வசதி இல்லை. நேர்வு அரிதாயினும் அதற்கு நிரல் ஏதோ ஒன்றைச் செய்தே தீரும். என்ன செய்ய வேண்டும் என்று எழுதப்படாவிட்டால் அது முடிவின்றிச் சுழலும், அல்லது ஆணைகளைப் படித்த வரிசையைப் பொறுத்துத் தற்செயலாக ஒரு விடையைத் தரும். தற்செயலான விடையே மிகத் தீங்கானது. ஏனெனில் அது தீர்ப்பின் தோற்றத்தோடு வருகிறது. பெறுபவர் அதை ஐயுறுவதில்லை.

மடல்களின் நடுவே நடுவர்

அஞ்சல் காலத்தில் ஆட்டக்காரர்கள் தமக்குள் நேரடியாக மடல் எழுதினர். ஆணைகள் மட்டுமே நடுவரிடம் சென்றன. ‘ஜட்ஜ்’ நிரலோ ‘பிரஸ்’ என்னும் கட்டளையின் வழியே ஆட்டக்காரர்களின் உரையாடலையும் தானே கடத்தியது. ஒருவர் பிரான்சுக்கு மட்டும், அல்லது பிரான்சுக்கும் இத்தாலிக்கும், அல்லது அனைவருக்கும் எழுதலாம். எழுதியவர் பெயரோடும் எழுதலாம், ஆட்ட அமைப்பு இடந்தந்தால் பெயரின்றியும் எழுதலாம். இதனால் ஆட்டக்காரர் ஒருவர்க்கொருவர் முற்றிலும் அறியாதவராக இருந்தே பேரம் பேசும் ஆட்டங்கள் எளிதாயின. பேச்சே இல்லாமல் ஆணைகளைக் கொண்டே கருத்துணர்த்தும் ஆட்டவகையும் பரவியது.

அதன் மறுபக்கம் கவனிக்கத்தக்கது. எல்லா இரகசியங்களும் ஒரே கணினியின் கோப்புகளில் குவிந்தன. நிரலுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. ஆனால் நிரல் ஒரு மனிதரின் பொறுப்பில் உள்ள கணினியில் இருந்தது. ‘நடுவர் காப்பாளர்’ என்று அழைக்கப்பட்ட அவர் விரும்பினால் எதையும் படிக்கலாம். அவர் படிக்கமாட்டார் என்னும் நம்பிக்கையின் மீதே நிரலின் நடுநிலைமை நின்றது. ஏமாற்றுவதையே உத்தியாகக் கொண்ட ஓர் ஆட்டம், ஊதியமின்றி உழைத்த ஒரு காப்பாளரின் நாணயத்தைச் சார்ந்திருந்தது என்பது நினையத்தக்கது.

காப்பாளரோடு மற்றொருவரும் இருந்தார். தனித்தனி ஆட்டங்களை மேற்பார்வையிடும் ‘மாஸ்டர்’ என்னும் பொறுப்பை நிரல் ஏற்படுத்தியிருந்தது. மேற்பார்வையாளர் இன்றியும் ஆட்டம் நடக்கும். ஆனால் ஆட்டக்காரர் ஒருவர் திடீரென மறைந்துவிட்டால் மாற்றாளைத் தேடுவதும், காலக்கெடுவை நீட்டிப்பதும், ஒருவரே இரு பெயரில் ஆடுகிறார் என்னும் முறையீட்டை விசாரிப்பதும் நிரலால் இயலாதவை. தீர்ப்பின் கணக்குப் பகுதி நிரலுக்கும், வாசகப் பகுதி ஆட்டக்காரருக்கும், ஒழுக்கப் பகுதி காப்பாளர், மேற்பார்வையாளர் ஆகியோருக்கும் எனப் பிரிந்தமை இங்குப் புலனாகிறது.

ஒழுக்கத்தையும் எண்ணாக்கும் முயற்சி ஒன்று நிரலுள் இருந்தது. காலக்கெடுவுக்குள் ஆணை வராவிடில் அந்த ஆட்டக்காரரின் தாமதம் அனைவருக்கும் அறிவிக்கப்பட்டது. சலுகைக் காலமும் கடந்தால் அவ்வல்லரசு கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, வேறொருவர் ஏற்கலாம் என்னும் நிலை வந்தது. இவற்றோடு ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ‘ஈடுபாட்டு’ மதிப்பெண் ஒன்றை நிரல் வைத்திருந்தது. நேரத்தில் ஆணை வந்தால் அது கூடும். தாமதித்தால், கைவிட்டால் குறையும். குறைந்த மதிப்பெண் உள்ளவரைச் சேர்க்க மறுக்கும்படி ஓர் ஆட்டத்தை அமைக்கலாம். வாக்குத் தவறுதலை ஆட்டத்திற்குள் முழுமையாக அனுமதித்த இச்சமூகம், ஆணையை நேரத்தில் அனுப்பும் ஒரு வாக்கை மட்டும் தவறவிடக் கூடாதெனக் கருதியது. வென்றவர் தோற்றவர் கணக்கைவிட இந்த மதிப்பெண் சமூக வரலாற்றுக்குச் சிறந்த சான்று.

வேறு சில அமைப்புகளும் இவ்வாறே மனித நடத்தையைக் கருதியவை. அனைவரின் ஆணைகளும் வந்துவிட்டால் நிரல் காலக்கெடுவுக்குக் காத்திராமல் முடிவை வெளியிடும். பேச்சுவார்த்தைக்கு இன்னும் நேரம் வேண்டும் என்பவர் ‘வெயிட்’ எனக் குறித்துத் தடுக்கலாம். சமநிலைக்கான வாக்கையும் ஒவ்வொருவரும் நிரலிடம் பதிவு செய்யலாம். எஞ்சியிருப்போர் அனைவரும் இசைந்தால் ஆட்டம் முடியும்.

வரைபடம் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருந்ததால் மாற்று ஆட்டவகைகளும் இதில் இடம்பெற்றன. ஆசியாவை இணைத்து, சீனா, ஜப்பான், இந்தியா ஆகியவற்றையும் வல்லரசுகளாகக் கொண்டு பத்துப் பேர் ஆடும் யங்ஸ்டவுன் வகை அவற்றுள் ஒன்று. மையத்திற்கு ஒருவராக 34 பேர் ஆடும் ‘கேயாஸ்’ மற்றொன்று. பின்னதை ஒரு மனித நடுவர் அஞ்சலில் நடத்துவதை எண்ணிப் பார்ப்பதே கடினம்.

வலைத்தளங்களின் வருகை

2000த்துக்குப் பின் வரைபடத்தைச் சொடுக்கி ஆணையிடும் வலைத்தளங்கள் பரவின. கட்டளை மொழியைக் கற்க வேண்டிய மின்னஞ்சல் நடுவர்கள் புதியவர்களை ஈர்க்கவில்லை. அஞ்சல் உலகமும் மாறியிருந்தது. எரிதங்களைத் தடுக்கும் வடிப்பான்கள், அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள், வெளியிலிருந்து வரும் மடலை நிரலுக்குச் செலுத்துவதை ஐயத்தோடு நோக்கும் நிர்வாகக் கொள்கைகள் ஆகியன வந்த பின், ஒரே நேரத்தில் ஏழு பேருக்கு ஒரே மடலை அனுப்பும் தானியங்கி தானே எரிதம் போலத் தோன்றியது. 2022இல் மெட்டா நிறுவனத்தின் ‘சிசரோ’ என்னும் செயற்கை நுண்ணறிவு வெப்டிப்ளமசி தளத்தில் மனிதரோடு 40 ஆட்டங்கள் ஆடியபோது, கணினி நடுவர் இருக்கையிலிருந்து இறங்கிப் பேச்சுவார்த்தை மேசைக்கே வந்துவிட்டது. ‘ஜட்ஜ்’ ஒருபோதும் எட்டிப்பார்க்காத இடம் அது.

வரைபடத்தைச் சொடுக்கி ஆணையிடும்போது தளம் இயலும் நகர்வுகளை மட்டுமே காட்டுகிறது. பிழையான ஆணை எழுதுதல் என்பதே அங்கு இல்லை. அஞ்சல் காலத்தில் ஒருவர் வேண்டுமென்றே பிழையாக எழுதி, வாக்குத் தவறிய பின் ‘எழுத்துப் பிழை, மன்னிக்கவும்’ என்று நண்பருக்கு மடல் எழுதுவதுண்டு. அதை நம்புவதா வேண்டாமா என்பது பெறுபவர் எதிர்கொண்ட அரசியல் வினா. ‘ஜட்ஜ்’ காலத்தில் அச்சாக்கு நலிந்தது. நிரல் முன்கூட்டியே பிழை சுட்டியிருக்கும் என்பதை எல்லாரும் அறிவர். வலைத்தளத்தில் அது எழவே வழியில்லை. இருந்தும், தவறான திசைக்கு ஆதரவளித்துவிட்டு ‘சொடுக்கும்போது கை தவறிவிட்டது’ என்று எழுதுவோர் இன்றும் உளர்.